படகுக்கு ஒரு பாவாடை

நீலம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன், கடைக்கார அண்ணாச்சி காதிலேயே வாங்கவில்லை, மூன்றாவது நீலத் தார்ப்பாயை உருவிக்கொண்டிருக்கிறார், இந்தக் கடையில் நீலத்தைத் தவிர வேறு என்னதான் இருக்கிறது, கூரை வரைக்கும் சுருட்டிச் சுருட்டி அடுக்கினது நீலம், வாசலில் தொங்குவது நீலம், அவர் உட்கார்ந்திருக்கிற மூட்டைக்கு மேலே போர்த்தியிருப்பதும் நீலம். இடுப்பில் மிலானி சரிந்துகொண்டே போகிறாள், ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு இத்தனை கனம் எங்கிருந்து வந்தது, வாயில் வீட்டுச் சாவிக்கொத்து, கொத்தில் கோத்த அந்தப் பித்தளை வளையத்தைத்தான் சப்புவாள், சாவியைச் சப்ப மாட்டாள், துப்பு தங்கம், துப்பு. "இருநூறு ஜிஎஸ்எம் கனம் தங்கச்சி, எப்பேர்ப்பட்ட மழைக்கும் அசையாது" என்கிறார் அண்ணாச்சி. மழைக்கு அசையாது, சரி, வீட்டுக் கூரைக்குப் போட்டால் அசையாது, ரோட்டில் போகிற படகுக்குப் போட்டால்? வீடு நின்ற இடத்தில் நிற்கும், காற்று அதைத் தேடி வரவேண்டும். டிரெய்லரில் ஏறின படகு காற்றைத் தேடிப் போகிறது, முகத்தைக் கொண்டுபோய் முட்டுகிறது, இதை அண்ணாச்சிக்கு எப்படிச் சொல்ல. "அண்ணாச்சி, நீலம் இல்லாம காட்டுங்க" என்றேன். "ஏம்மா, நீலம் ராசி இல்லையா?" "ராசி எல்லாம் இல்ல, எனக்குப் பிடிக்கல." பிடிக்கவில்லை என்பது எவ்வளவு வசதியான வார்த்தை, அதற்குள் எதை வேண்டுமானாலும் போட்டு மூடிவிடலாம்.

வெளியே ரோட்டோரம் எங்கள் படகு நிற்கிறது, ஜீப்புக்குப் பின்னால், டிரெய்லர் மேல், இருபத்தெட்டு அடி, ராமநாதபுரத்து வெயிலில் ஒன்றும் போர்த்தாமல். கடலில் பார்த்தால் சின்னப் படகு, கடைத்தெருவில் நிறுத்தினால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறான். டீ கிளாஸும் கையுமாக ஒரு பெரியவர், கழுத்தில் துண்டு, அரை மணி நேரமாக அங்கேயேதான் நிற்கிறார், "என்னப்பா, வைகையில தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டார் எங்கள் வீட்டுக்காரரிடம். பழைய கஸ்பாராக இருந்தால் ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பார், அந்தப் பெரியவர் டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்திருப்பார். இப்போது வெறுமனே பல்லைக் காட்டிவிட்டு டிரெய்லரைச் சுற்றி வந்தார், கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், பிறகு மறுபடியும் முதலிலிருந்து. ஒரு வருஷமாக இப்படித்தான். ஒரு முடிச்சு போடுகிற இடத்தில் மூன்று முடிச்சு, போட்டுவிட்டு நாலடி போனதும் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பது. பிள்ளைக்குத் தொட்டில் கட்டினால் மூன்று முடிச்சு. அரிசிச் சாக்கைக் கட்டினால் மூன்று, நான் சோறு வைக்க அதை அவிழ்க்கிறதுக்குள் உலை கொதித்து வற்றிவிடும். எங்கள் ஊரில் ஆறு வயசிலேயே பிள்ளைகள் முடிச்சு போடப் பழகிவிடும், அதிலும் கஸ்பார் முடிச்சு என்றால் வேம்பார்க் கரையில் ஒரு பேர் இருந்தது, இருட்டில் ஒற்றைக் கையால் போடுவார், யாரும் இழுத்துப் பார்க்க மாட்டார்கள். அந்தக் கை. அந்தக் கையை நான்தான், சரி, அதை அப்புறம் நினைக்கலாம், முதலில் தார்ப்பாய்.

இன்று படகை மூடவே வேண்டாம் என்றார். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று தொடங்கினதும் எங்கள் பக்கத்துக் கடல் கொதிக்கும், தொண்டிப் பக்கத்துக் கடல் குளம் மாதிரி கிடக்கும், வருஷாவருஷம் படகை டிரெய்லரில் ஏற்றி அவர் கூட்டாளியின் ஜீப்பில் மாட்டி, சட்டி பானையோடு போய் நாலு மாசம் அங்கே தொழில் செய்துவிட்டு வருவோம். இந்த வருஷம் வலையை எல்லாம் உள்ளே அமுக்கிக் குறுக்கே கயிறு போட்டார். "இவ்ளோதான் பெபி, மேல ஒண்ணும் வேண்டாம்" என்றார். கீழக்கரை தாண்டினதும் வலையில் கட்டியிருந்த தெர்மாகோல் மிதவை ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது, நல்லவேளை பின்னால் ஒரு வண்டியும் இல்லை, ரோட்டில் உருண்டு போய்க் கருவேலஞ்செடியில் சிக்கியது. "இந்தாருங்க, அடுத்து வர்ற தார்ப்பாய்க் கடையில நிறுத்துங்க" என்றேன். "வேண்டாம் பிள்ளே." "நிறுத்தாட்டி நானும் பிள்ளையும் இங்கயே இறங்கி நடந்து தொண்டிக்கு வாரோம், நீங்க முன்னால போய்ச் சோறு ஆக்கி வைங்க." சிரித்திருக்க வேண்டும், சிரிக்கவில்லை, ஆனால் நிறுத்தினார். கடைக்குள் மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டார். சரி, படகு அவருடையது, அதற்குத் துணி எடுக்கிறது நான். அவர் சட்டைக்கும் நான்தான் துணி எடுக்கிறேன்.

அண்ணாச்சி இப்போது வெள்ளி நிறத்தில் ஒன்றை விரிக்கிறார், ஓரத்தில் மூன்று அடிக்கு ஒரு வளையம் அடித்து ரெடிமேடாக, "லாரிக்காரன் எல்லாம் இதுதான் எடுக்கான்" என்கிறார், வளையம் வெயிலில் மினுங்குகிறது. அந்த வளையத்துக்குள் சுண்டுவிரலை விட்டு இழுத்துப் பார்த்தேன். இழுக்கிற இடம் அந்த ஒரு புள்ளிதான். மொத்தக் காற்றும் அந்த ஒரு புள்ளியில் தொங்கும். மிலானியும் விரலை விடப் பார்க்கிறாள், அவள் கையில் இருக்கிற வளையமும் இதே மாதிரிதான், இதே அளவு, உள்விளிம்பில் ஒரு நூல் நீலம் இன்னமும் ஒட்டியிருக்கிறது, எத்தனை தடவை கழுவியும் போகவில்லை, நானும் அதைச் சுரண்டி எடுக்கவில்லை. உப்பளத்து ரோடு. போன வருஷம் இதே மாசம். ஒரே தார்ப்பாயாக நீளம் கிடைக்கவில்லை என்று இரண்டு நீலத்தை வாங்கி முன்பாதிக்கு ஒன்று பின்பாதிக்கு ஒன்று விரித்திருந்தோம், நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். நான் மடியில் கைக்குழந்தையோடு ஜீப்பில் உட்கார்ந்து பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வருகிறேன், கண்ணாடிக்குள் படகின் முதுகு மெல்ல உப்புகிறது, எண்ணெய்ச் சட்டியில் பூரி எழும்புகிற மாதிரி, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க பாருங்க, நம்ம படகு பூரி மாதிரி உப்புது" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னேன். அதுதான் இன்றைக்கும் என்னை விடவில்லை, அந்தச் சிரிப்பு. அவர் திரும்பிப் பார்த்து பிரேக்கில் கால் வைக்கிறதுக்குள் படார் என்று ஒரு சத்தம், கண்ணாடியில் நீலம் இல்லை. பின்னால் மொபெட்டில் கீரைக்கட்டோடு வந்த அக்காவும் இல்லை. ரோட்டில் ஒரு நீல மூட்டை மட்டும் புரண்டுகொண்டிருந்தது.

பிள்ளையை சீட்டில் கிடத்திவிட்டு ஓடிப்போய் உருட்டி உருட்டி அவிழ்த்தேன், உள்ளே முகம் வந்தது, கண் திறந்திருந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்து, காயத்துக்குத் தையல் போட்டு, மூன்று மாசம் கையைத் தொங்கவிட்டிருந்தார் நாகவள்ளி அக்கா, இப்போது நன்றாக இருக்கிறார், இரண்டு தடவை போய்ப் பார்த்தேன், போன மாசம் போனில் பேசும்போதுகூட, "நான் செத்துட்டேன்னுல தாயி நெனச்சேன், பரவால்ல சொர்க்கம் நல்ல நீலமா இருக்குன்னு பாத்துக்கிட்டிருந்தேன், நீ வந்து உருவிப்புட்ட" என்று அவர் சிரிக்க, நானும் சிரிக்க, போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அதனால் நீலம் வேண்டாம் அண்ணாச்சி. அந்த அக்காவுக்கு ஒருதரம் காட்டினது போதும். ஆனால் நீலத்தின் மேல் என்ன தப்பு இருக்கிறது, வெள்ளி நிறமும் அதே மாதிரிதான் பறக்கும், பச்சையும் பறக்கும், நிறத்தைத் திட்டிக்கொண்டு நிற்கிறேனே, திட்டவேண்டிய ஆளை இடுப்பில் பிள்ளையோடு நிற்கவைத்துவிட்டு. கஸ்பார் முடிச்சு அவிழ்ந்துவிட்டது, ஊரே அப்படித்தான் சொன்னது, மாமி சொன்னார், அவர் கூட்டாளி சொன்னான், அவரும் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு அதையேதான் சொன்னார். முடிச்சு அவிழவில்லை. எனக்குத் தெரியும். தண்ணீர் எடுக்க ஜீப்புக்கு ஓடி வந்தபோது பார்த்தேன், டிரெய்லர் கம்பியில் முடிச்சு கல் மாதிரி இருந்தது, தார்ப்பாயிலிருந்து பிய்ந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்று. அந்த அக்காவின் கையை அசையாமல் கட்ட ஒரு கயிறு வேண்டும், கண்ணுக்கு முன்னால் இருந்த கயிறு அதுதான், பல்லால் கடித்து அவிழ்த்தேன், வளையம் கையில் வந்தது, மடியில் போட்டுக்கொண்டேன். அவர் வந்து பார்த்தபோது கம்பி வெறுமையாக இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி, போலீஸ், பிள்ளைக்குப் பால், அன்றைக்கு வாய் வரவில்லை. மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் எனக்கு யோசனை ஓடிவிட்டது, முடிச்சு இல்லை என்றால் பின்னே எது, என்று கேட்பாரே.

அது எது என்றால் இதுதான். கரையில் படகை ஏற்றி வைக்கும்போது அணியம் கடலைப் பார்த்து இருக்கும், படகின் முன்மூக்கு. கச்சான் காற்று நிலத்துப் பக்கமிருந்து, படகின் பின்னாலிருந்து அடிக்கும். அதனால் இரண்டு தார்ப்பாய் போட்டால் பின்பக்கத்தது மேலே வரவேண்டும், முன்பக்கத்தது அதற்கு அடியில் போகவேண்டும், ஓடு வேய்கிற மாதிரி, காற்று மேலேயே வழுக்கிப் போய்விடும். எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு அப்படித்தான் போடுவோம், நானும் கண்ணை மூடிக்கொண்டு அப்படித்தான் போட்டேன், விரித்தது நான், அவர் கட்டினது மட்டும்தான். டிரெய்லரில் போகும்போது காற்று முன்னாலிருந்து வரும் என்கிறது ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. மேலே கிடந்த பின் தார்ப்பாயின் வாய் நேராகக் காற்றைப் பார்த்துத் திறந்து கிடந்தது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், வா வா உள்ளே வா என்று. பூரி உப்பாமல் என்ன செய்யும்.

சரி. சரி பெபியோலா, அழுகிற இடம் இது இல்லை, தார்ப்பாய்க் கடை. "அண்ணாச்சி, இந்தக் காக்கித் துணி என்னது?" "அது கனத்த கேன்வாஸ்மா, ரெண்டு பக்கமும் பூச்சு பூசுனது, தண்ணி இறங்காது, ஆனா கனம் ஜாஸ்தி, பொம்பளப் பிள்ளை தூக்க முடியாது." "பிள்ளை பெத்துத் தூக்கிட்டு நிக்கேன், இதைத் தூக்க மாட்டேனா, விரிங்க." விரித்தார். கையில் எடுத்தால் சொரசொரப்பு, உதறினால் படபடக்கவில்லை, தொப் என்று விழுகிறது. எனக்கு அந்தத் தொப் பிடித்தது. "இதுல முப்பத்திரண்டு அடிக்கு ஒரே துணியா வேணும், ஒட்டு எதுவும் குறுக்க வரப்படாது, வந்தா நீளவாக்குல வரட்டும். வளையம் வேண்டாம்." "வளையம் இல்லாம எங்கன கட்டுவ?" இதைத்தான் கீழக்கரையிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன், எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புத் தையல் பீரியடில் முதலில் சொல்லிக்கொடுத்தது பாவாடை, சட்டைகூட இல்லை. பாவாடையை யாராவது நாலு இடத்தில் ஊக்கு குத்திக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுவாளா? நாடாதான். இடுப்பைச் சுற்றி ஒரே இழுவை, எந்த இடத்துக்கும் தனியாகப் பாரம் கிடையாது. "ஓரம் சுத்தி நாலு விரக்கடை மடிச்சு ரெட்டைத் தையல் போடுங்க, உள்ள நைலான் கயிறு ஓடணும், படகு விளிம்புக்குக் கீழ போய் இறங்கி இழுத்துக் கட்டினா கவ்விக்கிடும். அதுக்கு மேல குறுக்க மூணு பெல்ட்டு. நடுவுல ஒரு பிவிசி பைப்பை முட்டுக் கொடுத்துட்டா மழைத் தண்ணி குளம் கட்டாது." அண்ணாச்சி என்னைப் பார்த்தார், படகைப் பார்த்தார். "ஏந்தங்கச்சி, படகுக்குப் பாவாடையா தைக்கச் சொல்ற?" "பாவாடைதான். நல்லா இறுக்கமா தைங்க, கல்யாணத்துக்குப் போறா." அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் மிலானியும் சிரித்துச் சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டாள். நான் குனிந்து எடுத்தேன். வளையம் எச்சிலில் பளபளத்தது.

அளந்து, வெட்டி, மிஷினில் உட்கார்ந்துவிட்டார், அந்த மிஷின் போடுகிற சத்தத்தில் என் நெஞ்சுச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, அது ஒரு வசதி. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. ஒரே துணி, மேல் கீழ் என்ற பேச்சே இல்லை. இனி நான் சொல்லவே வேண்டாம், படகு பத்திரமாகத் தொண்டி போய்ச் சேரும், சொல்லாமலே எல்லாம் முடிந்துவிடும், அவர் மட்டும் கயிற்றைக் கட்டிக் கட்டிப் பார்த்துக்கொண்டு, கடலில் நங்கூரம் போட்டுவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டு, தன் கையைத் தானே நம்பாமல், நாளைக்கு இன்ஜினை மாட்டும்போது, அலையில் ஒரு கயிற்றைச் சட்டென்று போடவேண்டிய நேரத்தில் ஒரு கணம் யோசித்துக்கொண்டு நின்றால்? அந்த ஒரு கணம் கடலில் போதுமே. துணியை மட்டும் சரியாக எடுத்துவிட்டு மூடிக்கொண்டு போனால் இதுவும் ஒரு தார்ப்பாய்தான், அடியில் காற்று புகுந்துகொண்டே இருக்கும். வெட்டி விழுந்த துண்டுகளில் இரண்டை எடுத்து மேஜையில் போட்டேன். ஸ்டாண்டு ஃபேனை இழுத்து மேஜையைப் பார்த்துத் திருப்பினேன். "என்னம்மா செய்ற, எனக்கு வேர்க்குது" என்றார் அண்ணாச்சி. "ஒரு நிமிஷம் அண்ணாச்சி." வாசலில் போய் நின்று கூப்பிட்டேன், "இந்தாருங்க, ஒருதரம் உள்ள வாங்க." வரவில்லை. "பிள்ளையைப் பிடிங்க, கை கடுக்குது." வந்தார்.

கனத்த துணி என்பதால் நுனியைக் கொஞ்சம் தூக்கிவிடவேண்டியிருந்தது. ஃபேன் பக்கம் இருப்பது முன் துண்டு என்று வைத்துக்கொண்டு, முதலில் பின் துண்டை அதன் மேலே வைத்தேன், கரையில் போடுகிற மாதிரி. ஃபேன் காற்று அதன் வாய்க்குள் புகுந்தது, துண்டு எழும்பி, உப்பி, புரண்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. மிலானி கைகொட்டினாள். எடுத்து மாற்றி வைத்தேன், முன் துண்டு மேலே, பின் துண்டு அடியில். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. துணி கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "போன வருஷம் பின் தார்ப்பாயை மேல போட்டு விரிச்சது நான்" என்றேன். "கரையில போடுற மாதிரி போட்டுட்டேன்." மிஷின் நின்றுவிட்டது, அண்ணாச்சி நூலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். "அப்ப முடிச்சு?" என்றார் கஸ்பார். சாவிக்கொத்தை நீட்டினேன். "முடிச்சு அப்படியேதான் இருந்திச்சு, இந்த வளையத்தைப் பிடிச்சுக்கிட்டு. நான்தான் அவுத்தேன், அந்த அக்கா கையைக் கட்டுறதுக்கு." வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் அந்த நீல நூலை நகத்தால் தொட்டார். "ஒரு வருஷமா வீட்டுச் சாவியில போட்டு வச்சிருக்க." "ஆமா." "தெனமும் நான்தான் பூட்டுறேன்." "ஆமா." கோபப்பட்டால் படட்டும் என்று நின்றேன், பிள்ளையைக் கொடுத்துவிட்டதால் கை இரண்டும் சும்மா தொங்கியது, எங்கே வைக்கிறது என்று தெரியவில்லை. அவர் மிலானியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாவிக்கொத்தும் அவர் கையோடு போய்விட்டது.

துணி முடிந்து வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. நானும் அண்ணாச்சியும் ஆளுக்கொரு முனையைத் தூக்கினோம், கனம்தான், அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை. கஸ்பார் பிள்ளையை ஜீப் சீட்டில் உட்காரவைத்துவிட்டு வந்து நடுவில் பிடித்தார், முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. விளிம்பு உரசுகிற இடங்களில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன். துணி படகின் மேல் இறங்கிக் கவ்வி உட்கார்ந்தது. டீ கிளாஸ் பெரியவர் இன்னும் போகவில்லை, இது எத்தனையாவது டீயோ, "பாவாடை கட்டியாச்சு, பூ வைக்கலயாப்பா?" என்றார். கஸ்பார் அணியத்துக்குக் கீழே குனிந்து நாடாவை இழுத்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்காமலே, "பூ வாங்கத்தான் தொண்டிக்குப் போறோம் அண்ணே, வாரியளா, பின்னாடி ஒரு சீட்டு காலியாத்தான் கிடக்கு. ஒரே கண்டிசன், பாவாடையை நீங்கதான் பிடிச்சுக்கிட்டு வரணும்" என்றார். பெரியவர் டீயைத் துண்டில் கொட்டிக்கொண்டார். கஸ்பார் ஒற்றைக் கையால் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. ஒரே ஒரு முடிச்சு. அடுத்ததைப் போடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், போடவில்லை, கையைத் தட்டிக்கொண்டு நேராக நடந்து போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பின்னால் போனேன், குனிந்து மடிப்பை இழுத்துப் பார்த்தேன், இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. "என்ன பிள்ளே" என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு கத்தினார், "முடிச்சு மேல நம்பிக்கை வரலியா?" "உங்க முடிச்சை யாரு பாத்தா" என்றேன் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என் பாவாடையைப் பாத்தேன்."